'பாப்பம்' என்றால் சம்மதமா?

கடையைச் சாத்திவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, பாண்டுப்பிலிருந்தும் நெருளிலிருந்தும் ரயிலேறி வந்து, உட்கார இடமில்லாமல் வாசல்வரை நின்றுகொண்டிருக்கும் தாராவித் தமிழ் மக்களே! இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் பெரியவர் பிரம்மநாயகம் அவர்களே! கடல் கடந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் பொறியாளர் இங்க்ரித் அம்மையார் அவர்களே! கடன் வங்கியிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே! மனைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன் சுடலைக்கண்ணன் அவர்களே! தாயை இழந்த மகள் மாலதியே! மாட்டுங்கா ஹரிகிருஷ்ணனின் வணக்கம்.

நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். ரயிலில் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதியதுபோல் இருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆகையால் இன்று என் பேச்சு முன்னுக்குப் பின் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் விஜயராணி அவர்கள் மறைந்து இன்றோடு பதினொரு நாள். வயது ஐம்பத்து நான்கு. சமைத்துக்கொண்டிருந்தவர் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தார். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். போகிற வயதா அது? போகிற நேரமா இது?

அவருக்கு என்ன பட்டம் சொல்லி அழைப்பது என்பதிலேயே எனக்குக் குழப்பம். வங்கியின் இரங்கல் கடிதம் வந்திருக்கிறது. அதில் அவர் 'எங்கள் சமூக ஆலோசகர்'. அந்த ஐரோப்பிய நாட்டின் கடிதமும் வந்திருக்கிறது. அதில் 'எங்கள் மொழிபெயர்ப்பாளர்'. எங்கள் திட்ட அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டில், ஏழு வருடம் வேலை பார்த்த பிறகும், 'தற்காலிக ஊழியர்'. உங்களிடம் கேட்டால்? 'பேங்க் அக்கா'! லோன் வாங்கித் தாருங்கள் என்று அவர் வீட்டு வாசலில் எத்தனை பேர் வந்து நின்றிருப்பீர்கள்! "எட்டி, நானே பேங்க்ல நகைய வச்சிருக்கேன். நான் எங்க போயி ஒனக்கு லோன் வாங்க?" என்று சிரிப்பார். அவர் யாருடைய ஆள்? வங்கியின் ஆளா? அந்த நாட்டின் ஆளா? உங்கள் ஆளா? ஓய்வு பெறும்வரை அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு இன்றுவரை தெரியாது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகத் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக நாடுகளுக்கெல்லாம் கடன் கொடுக்கும் பெரிய வங்கி ஒன்று. வட ஐரோப்பாவில் சிறிய நாடு ஒன்று. இரண்டின் பெயரையும் மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். இரண்டாம் கட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை வேண்டாம் என்றார்கள். ஏன் என்று விளங்கவில்லை. சரி, வங்கி, நாடு என்றே சொல்கிறேன். வங்கி கடன் கொடுத்தது. நாடு நன்கொடையும் பொறியாளர்களையும் கொடுத்தது. நம் குடியிருப்புக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடைக் கால்வாயை, நாம் நாலா என்கிறோமே, அதைத் தூர்வாரி, இரு கரையிலும் சுவர் எழுப்பி, மேலே மூடி போட வேண்டும். மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வரக்கூடாது. நல்ல காரியம்தானே! ஆனால் வடகரையில் நாலாவை ஒட்டியே அறுபத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. அவர்கள் நகர்ந்தால்தான் சுவர். பாண்டுப்பில் அவர்களுக்குக் கட்டடம் தயாராக இருந்தது. அவர்கள் சம்மதிக்க வேண்டும், அதுவும் அவர்கள் மொழியிலேயே சம்மதிக்க வேண்டும் என்பது வங்கிக்கும் நாட்டுக்கும் இடையே இருந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி.

அந்த ஒரு வரிக்காகத்தான் விஜயராணி வேலைக்கு வந்தார்.

தாராவியில் பிறந்தவர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கூரியர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பட்டம் வாங்கியவர். தமிழ், இந்தி, மராட்டி, இங்கிலீஷ் நான்கிலும் அவரால் சண்டை போட முடியும். முதல் வாரத்திலேயே, அலுவலகத்தில் அச்சடித்த தமிழ்த் துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு வடகரைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே குடியிருந்த பேராச்சி அக்கா ஒரு சொல்லில் விரலை வைத்துக் கேட்டார்.

"பயனாளின்னு போட்டிருக்கே, அது யாரு?"

"நாமதாங்க்கா."

"சரி. கீழ, பாதிக்கப்படுவோர்னு இருக்கே, அது யாரு?"

விஜயராணி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "அதுவும் நாமதாங்க்கா," என்றார்.

"ரெண்டும் நாமளேன்னா மத்தவியளுக்கு என்ன வேலை?" என்றார் பேராச்சி அக்கா. நான் துண்டறிக்கையை மடித்தேன். விஜயராணி மட்டும் அந்தக் கேள்வியை அப்படியே இங்கிலீஷில் எழுதி வங்கிக்கு அனுப்பினார்! 'கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பதினொரு நாளாக யோசித்தேன். சுடலைக்கண்ணன் அண்ணனிடம் இன்று காலையில் கேட்டேன். "சொல்லுங்க சார். அவளப்பத்தி நல்லதா மட்டும் பேசுனா அது அவ இல்ல," என்றார். அதனால் சொல்கிறேன்.

நான்கு வருடம் முன்பு, ஏப்ரல் மாதம், இதே மண்டபம். வங்கிக் குழுவின் தலைவர் வந்திருந்தார். இங்க்ரித் அம்மையார் வந்திருந்தார். வடகரைக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. மே மாதத்துக்குள் குடியேற்றம், மழைக்கு முன் வேலை தொடக்கம். வங்கியின் ஒப்புதல் கூட்டத்துக்குப் பன்னிரண்டே நாள். சம்மதம் என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், கோப்பு பறந்துவிடும். கோப்பு என் கையில் இருந்தது.

குழுத் தலைவர் இங்கிலீஷில் கேட்டார். விஜயராணி மைக்கை வாங்கிச் சொன்னார்.

"நாலா ஓரத்து வீட்ட விட்டுட்டு பாண்டுப்புக்குப் போறதுக்கு ஒங்க எல்லாருக்கும் சம்மதமான்னு கேக்காவ."

கூட்டம் வெயிலுமுத்து அய்யாவைப் பார்த்தது. வடகரையில் மூத்தவர் அவர். தோல் பட்டறையில் நாற்பது வருடம் உழைத்தவர். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இவ்வளவு தூரம் வந்து கேக்கியோ. பாப்பம்," என்று சொல்லி உட்கார்ந்தார்.

நான் விஜயராணியின் காதருகே குனிந்து, "சம்மதம்னு சொல்லிடும்மா," என்றேன்.

ஏன் சொன்னேன்? நான் மாட்டுங்காக்காரன். என் வீட்டில் 'பார்க்கலாம்' என்று ஒருவர் சொன்னால் அது நடக்காது என்று அர்த்தம்! அது தெரிந்த நான், சம்மதம் என்று மாற்றிச் சொல்லச் சொன்னேன். பன்னிரண்டு நாள் என்ற எண்ணம் மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றும் நம்ப விரும்புகிறேன்.

விஜயராணி என் பக்கம் திரும்பவில்லை. குழுத் தலைவரிடம் சொன்னார்: "அவர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை." குழுத் தலைவர் படிவத்தைத் தட்டிக் காட்டினார். ஆம், இல்லை, இரண்டே கட்டம். எதில் எழுதுவது என்று கேட்டார். எதிலும் எழுதாதீர்கள் என்றார் விஜயராணி. அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"மாமா, எழுதிட்டா எழுதினதுதான். போறியளா இல்லியா? வெளங்கச் சொல்லுங்க."

வெயிலுமுத்து அய்யா மறுபடியும் எழுந்தார். "பாக்காத வீட்டுக்கு எப்டிம்மா சரின்னு சொல்ல? யாராவது ஒருத்தராவது கூட்டிட்டுப் போயி காட்டினியளா?"

ஒருவரும் காட்டியிருக்கவில்லை! அறுபத்திரண்டு குடும்பங்களில் ஒரு குடும்பம்கூட அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்கவில்லை. எங்களுக்குத் தோன்றவே இல்லை. விஜயராணி அதை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தார். வீட்டைக் காட்டாமல் பெற்ற சம்மதத்தைத் தன் நாடு ஏற்காது என்று இங்க்ரித் அம்மையார் சொல்லிவிட்டார். வங்கியின் தேதி போனது. அடுத்த ஒப்புதல் கூட்டம் டிசம்பரில்தான்.

அன்று மாலையே அலுவலகத்தில் மேலிடத்துக்குக் கையெழுத்தில்லாமல் ஒரு புகார்க் கடிதம் போனது. மொழிபெயர்ப்பாளர் தன் எல்லையை மீறினார், கூட்டத்தைத் தானாக நடத்தினார், திட்டத்துக்குத் தாமதம் விளைவித்தார் என்று எழுதியிருந்தது. அதை எழுதியவன் நான்.

மாலதி, இங்க்ரித் அம்மையாரின் காதில் நான் பேசுவதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாயே, ஏன் நிறுத்திவிட்டாய்? இதையும் சொல்லம்மா. விடாமல் சொல்.

விஜயராணியை மூன்று மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அந்த மூன்று மாதம் அவர் என்ன செய்தார்? காலையில் சயான் ஸ்டேஷனில் நின்றார். நான்கு குடும்பம், ஐந்து குடும்பம் என்று லோக்கல் ரயிலில் ஏற்றி பாண்டுப்புக்கு அழைத்துப் போய் அந்த வீடுகளைக் காட்டினார். குழாயைத் திறந்து பார்க்கச் சொன்னார். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று நடத்திக் காட்டினார். யார் அனுப்பினார்கள்? யாரும் இல்லை. யாருடைய வேலை அது? என்னுடைய வேலை! நான் அப்போது ஏசி அறையில் தாமதத்துக்கான காரணங்கள் என்ற அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குக் குழப்பம் இல்லை. அவர் செய்தது சரி, நான் செய்தது தவறு என்று சொல்லி, கைகூப்பி இறங்கியிருப்பேன்.

ஜூலை வந்தது. மூன்று நாள் விடாத மழை. நாலா நிரம்பி வடகரையின் மண்ணை அரித்தது. ஒரு வீட்டின் பின்சுவர் பெயர்ந்து உள்பக்கம் விழுந்தது. அது வெயிலுமுத்து அய்யாவின் வீடு. உள்ளே அவருடைய மனைவி தங்கத்தாய் அம்மாள் இருந்தார். சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது.

ஏப்ரலில் சம்மதம் என்று எழுதியிருந்தால் ஜூலையில் அந்த வீட்டில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். இதை நான் கணக்குப் போடாத நாளில்லை. எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான் வருகிறது. அப்படியானால் என் பொய் அந்த அம்மாளைக் காப்பாற்றியிருக்குமா? விஜயராணியின் உண்மை கொன்றுவிட்டதா? இல்லை, பார்க்காத வீட்டுக்குச் சம்மதம் வாங்க வந்த நாங்கள்தான், மார்ச்சிலேயே ஒரு நாள் அவர்களை ரயிலேற்றிக் கூட்டிப்போகாத நாங்கள்தான் காரணமா? பெரியோர்களே, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இந்தச் சபையில் இருந்தால் சொல்லுங்கள்.

அடக்கத்துக்கு விஜயராணி வந்தார். வரவேண்டாம் என்று நான் போனில் சொன்னேன். வந்தார். தங்கத்தாய் அம்மாளின் மகன் பாபு தெருவில் நின்று கத்தினார்.

"ஒரே ஒரு வார்த்தை! சரின்னு மாத்திச் சொல்லியிருந்தா எங்கம்மா இருந்திருப்பா! ஒனக்கு என்ன போச்சு? போல்! சொல்லு! ஒனக்கு என்ன போச்சு?"

விஜயராணி நகரவில்லை. தலையைக் குனியவும் இல்லை. பாபு கத்தி முடிக்கும்வரை நின்றார். பிறகு பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்டில் வேலைக்குத் திரும்பினார். புகார் எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் என் இங்கிலீஷ் எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் என் மேசைக்கு வந்து ஒரு காகிதக் கட்டை வைத்தார். புதிய இடமாற்றத் திட்டத்தின் தமிழ் வடிவம். "சார், இதுல தப்பு இருந்தா பாத்துச் சொல்லுங்க. நீங்கதான் தப்ப நல்லாக் கண்டுபிடிப்பீங்க," என்றார். அது குத்தலா? மரியாதையா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அன்றுமுதல் என் ஓய்வு நாள்வரை ஒவ்வொரு காகிதத்தையும் என்னிடம்தான் கொடுத்தார். ஒருமுறையாவது நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனி யாரிடம் கேட்பேன்?

டிசம்பரில் வங்கியும் நாடும் மறுபடி உட்கார்ந்தன. பாண்டுப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் பலர் இங்கேயே இடம் வேண்டும் என்று போராடியதால் திட்டம் மாறியது. நாற்பத்து நான்கு குடும்பங்களுக்கு இங்கேயே, மூன்று தெரு தள்ளி இடம். பதினெட்டுக் குடும்பங்கள் தாமாகவே பாண்டுப்பைத் தேர்ந்தெடுத்தன. போன வருடம் மழைக்கு முன் வடகரைச் சுவர் எழும்பியது. வடகரையில் இந்த மழைக்கு ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை. வெற்றிதானே! உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்களாம்.

ஆனால் பாண்டுப்புக்குப் போன பேராச்சி அக்கா போன வாரம் என்னிடம், "நல்ல காத்து, நல்ல தண்ணி. முன்னாடியே வந்திருக்கலாம் சார்," என்றார். இங்கேயே இடம் கிடைத்த ஒருவரோ, "லிஃப்ட் பந்த், நாலு மாடி ஏறணும். பாண்டுப்புக்கே போயிருக்கலாம்," என்றார். வேண்டும் என்று போராடியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். வேண்டாம் என்றவர்கள் வேண்டும் என்கிறார்கள். அறிக்கையில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

இன்று மதியம் வெயிலுமுத்து அய்யாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான்கு வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அய்யா, அன்னிக்குப் பாப்பம்னு சொன்னீங்களே, மனசுல என்ன இருந்தது? போகலாம்னா, வேண்டாம்னா?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "எனக்கே தெரியாது சார். எனக்குத் தெரியலங்கிறது அவளுக்குத்தான் தெரிஞ்சுது. நீங்கள்லாம் எனக்குத் தெரிஞ்சுட்டுன்னு எழுதப் பாத்திய."



பாபுவும் இங்கே இருக்கிறார். இந்த மைக்கையும் நாற்காலிகளையும் கொண்டுவந்து போட்டவர் அவர்தான். விஜயராணியைத் தூக்கிச் சென்ற நால்வரில் ஒருவரும் அவர்தான். நான் மேடை ஏறும் முன்பு கையைப் பிடித்து, "மன்னிச்சிட்டான்னு மட்டும் மேடையில சொல்லிராதீங்க சார்," என்றார். சொல்லமாட்டேன் பாபு. நீ தோள் கொடுத்ததை மட்டும் சொல்கிறேன். அது எல்லோரும் பார்த்தது.

அன்பார்ந்த சபையோரே! ஒரு தலைவி மறைந்தால் சிலை வைப்போம் என்பார்கள், தெருவுக்குப் பெயர் வைப்போம் என்பார்கள். அவருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்? இரண்டாம் கட்டம் வருகிறது. தென்கரை. தொண்ணூற்றொரு குடும்பங்கள். அடுத்த ஞாயிறு கூட்டம். ஒப்பந்தத்தின் தமிழ் வடிவம் வெளியில் ஓர் ஏஜென்சியில் கொடுத்துச் செய்து வாங்கியது, நாற்பது பக்கம். விஜயராணி அதைத் திருத்திக்கொண்டிருந்தார். பதினொரு பக்கம் முடித்திருக்கிறார். மீதியை அவர் மேசையிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். இருபத்தொன்பது பக்கங்களையும் அடுத்த ஞாயிற்றுக்குள் நான் முடிப்பேன். ஓய்வு பெற்றவன் நான், சம்பளம் வேண்டாம். இது நான் இந்தச் சபைக்கு முன் எடுக்கும் உறுதி. ஆனால் என் ஒருவனால் ஆகாது. நேற்று உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் பக்கத்தின் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். இதோ வாசிக்கிறேன்.

"மறுப்பு ஏதும் பெறப்படாத நிலையில், பாதிக்கப்படுவோரின் இசைவு பெறப்பட்டதாகவே கருதப்படுதல் ஏற்புடையதாகும்."

இங்கிலீஷ் மூலம் என் கையில் இல்லை; இது மூலத்தில் உள்ளதா, மொழிபெயர்த்தவரின் பிழையா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. அங்கே யார் கையைத் தூக்குவது? தென்கரையில் இட்லி அவித்து விற்கும் ஜான்சியா? எழுந்து நின்று சத்தமாகச் சொல்லும்மா.

"சார், அப்ப நாங்க பேசாம உக்காந்திருந்தா, சரின்னு எழுதிக்கிடுவியளா?"

அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஜான்சி. மாலதி, இந்தக் கேள்வியை மேடையில் இருப்பவர்களுக்கு இங்கிலீஷில் சொல், ஒரு சொல் குறையாமல். பாபு, மைக்கை அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடு. நான் பேனாவைத் திறந்துவிட்டேன். பன்னிரண்டாம் பக்கம், முதல் வரி. இதை எப்படி எழுத வேண்டும்? சொல்லும்மா.